பெரிய ரெட் டிரம் பிடிக்க: மாலைப் படகா, பகல் படகா, கரைத் தூண்டிலா?

வட கரோலினாவில் ராலே, கேரி, மோரிஸ்வில் பக்கம் குடியிருக்கும் தமிழர்களில் தூண்டில் பிடிப்பவர்கள் பெரும்பாலும் ஜோர்டான் ஏரியில்தான் தொடங்குகிறார்கள். கொஞ்ச நாளில் மனசு கடல் பக்கம் போகும். அந்த நேரத்தில் யாராவது ஒரு படத்தை அனுப்பி வைப்பார்கள்: இரண்டு கைகளாலும் அணைத்துப் பிடித்த, செம்பு நிறத்தில் மின்னுகிற, வாலடியில் கறுப்புப் பொட்டு வைத்த ஒரு பெரிய மீன். ரெட் டிரம். 1971 முதல் வட கரோலினாவின் மாநில உப்புநீர் மீன் இதுதான். உலக சாதனை மீனும் இங்கேதான் பிடிபட்டது. 1984 நவம்பரில் ஹேட்டரஸ் தீவில் ஏவன் கரையில் சிக்கிய அதன் எடை 94 பவுண்டு 2 அவுன்ஸ், அதாவது 42 கிலோவுக்கு மேல்.

படத்தைப் பார்த்த கையோடு அடுத்த கேள்வி வரும். எப்படிப் போவது? வழி மூன்று. மாலையில் கிளம்பி இருட்டில் நங்கூரம் போட்டுக் காத்திருக்கும் சார்ட்டர் படகு, அதாவது கேப்டனோடு சேர்த்து வாடகைக்கு எடுக்கும் படகு. பகல் வெளிச்சத்தில் மீனைத் தேடித் தேடி எறியும் சார்ட்டர் படகு. படகே இல்லாமல் ஹேட்டரஸ் முனையில் அலைக்குள் நின்று எறிவது. மூன்றையும் செய்து பார்த்தவன் என்ற முறையில் என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் தடவை போகிறீர்கள், பெரிய மீன் ஒன்றைக் கையில் ஏந்திப் பார்க்க வேண்டும் என்பதுதான் ஆசை என்றால் மாலைப் படகில் போங்கள். அதுவும் ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் முடிவுக்குள் போங்கள். ஜூலை வேண்டாம். ஏன் வேண்டாம் என்பதைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த விஷயத்தில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது அதுதான்.

மீன் எங்கே வருகிறது, எப்போது வருகிறது

ரெட் டிரம் நம்மூர் கத்தாளையின் குடும்பம். கத்தாளைக்கு இருப்பது போலவே இதற்கும் தலைக்குள் கல் உண்டு. அந்தக் கல்லை மெல்லிய துண்டாக அறுத்து, உள்ளே இருக்கும் வளையங்களை எண்ணித்தான் வயதைக் கணக்கிடுகிறார்கள். அப்படி எண்ணிப் பார்த்ததில் வட கரோலினாவில் 60 வயதைத் தாண்டிய மீன்கள்கூட இருந்திருக்கின்றன. முதல் சில வருடங்கள் இது வேகமாக வளரும். மூன்று, நான்கு வயதுக்குள் 27 அங்குலத்தைத் தாண்டிவிடும், முட்டையிடும் பருவத்துக்கும் வந்துவிடும். அதற்குப் பிறகு வளர்ச்சி மெதுவாகிவிடும். ஆகவே 45 அங்குல மீன் ஒன்றைத் தூக்கிப் பிடித்து நிற்கிறீர்கள் என்றால் அது உங்களைவிட வயதில் மூத்ததாக இருக்க வாய்ப்புண்டு.

இந்தப் பெரிய மீன்கள் வெயில்காலத்தில் கடலைவிட்டு உள்ளே வருகின்றன. அட்லாண்டிக் கரையை ஒட்டி மணல் தீவுகள் நீளமாக வரிசைகட்டி நிற்க, அவற்றுக்குப் பின்னால் கிடக்கிறது பாம்லிகோ காயல். ஏறத்தாழ 80 மைல் நீளம், 15 முதல் 30 மைல் அகலம். அமெரிக்காவின் கிழக்குக் கரையிலேயே பெரிய காயல் இதுதான். ஆனால் ஆழம் பெரும்பாலும் 20 அடிக்கும் குறைவு. ஓக்ரகோக், ஹேட்டரஸ் முகத்துவாரங்கள் வழியாக நுழையும் மீன்கள் ஜூலை, ஆகஸ்ட் வாக்கில் காயலின் மேற்குக் கோடிக்கு, அதாவது நூஸ், பாம்லிகோ, பே ஆறுகள் வந்து விழும் இடங்களுக்கு வந்து சேருகின்றன. அக்டோபரில் குளிர் தட்டியதும் திரும்பவும் கடலுக்குக் கிளம்பிவிடும். அப்போதுதான் ஹேட்டரஸ் கரையில் நிற்கிறவர்களுக்குக் காலம் வரும்.

எதற்காக வருகின்றன? இரை தேடி வருகின்றன, இனம் பெருக்கவும் வருகின்றன. கோடை முடியும் நேரத்தில், பொழுது சாயச் சாய, ஆண் மீன்கள் காற்றுப்பையின் மேல் தசையை அதிரவைத்துத் தட்டுவது போல ஒரு சத்தம் எழுப்பும். ஈஸ்ட் கரோலினா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தண்ணீருக்குள் ஒலிவாங்கிகளை இறக்கி, இந்தச் சத்தத்தை வைத்தே எங்கெங்கே முட்டையிடுகின்றன என்று தேடியிருக்கிறார்கள். பே ஆற்றின் வாய்ப்பகுதி அப்படித் தெரியவந்த இடங்களில் ஒன்று. பகலில் ஆழமான பக்கத்தில் பரவித் திரியும் மீன்கள் இருட்டத் தொடங்கியதும் மணல் திட்டுகளின் விளிம்புக்கு ஏறிவந்து மேயும். மாலைப் படகின் கணக்கு முழுவதும் இந்த ஒரு பழக்கத்தை நம்பித்தான் இருக்கிறது.

மாலைப் படகில் என்ன நடக்கிறது

நூஸ் ஆறு காயலில் கலக்கும் இடத்துக்கு அருகே ஓரியன்டல் என்று ஒரு சின்ன ஊர். பாய்மரப் படகுக்காரர்களின் ஊர். கேரியிலிருந்து காரில் இரண்டரை, மூன்று மணி நேரம். நியூ பெர்ன் தாண்டினால் அப்புறம் பைன் காடும் வயலும்தான். நாலு, ஐந்து மணி வாக்கில் படகு கிளம்பும். இரவு பத்து, பதினொன்று வரை தண்ணீரில் இருப்பீர்கள்.

கேப்டன் ஏற்கெனவே இரை வைத்திருப்பார், இல்லையென்றால் போகிற வழியில் வீச்சுவலை போட்டுப் பிடிப்பார். மடவை, அல்லது மென்ஹேடன் என்று இங்கே சொல்லும் மத்தி போன்ற எண்ணெய் மீன். ஒரு அடி மடவையை எடுத்து, வாலை நறுக்கி எறிந்துவிட்டு, தலையை முழுசாகத் தூண்டில் முள்ளில் கோப்பார்கள். தலைதான் நல்ல இரை. முள்ளில் கெட்டியாக நிற்கும், நண்டும் சின்ன மீன்களும் அதைச் சீக்கிரத்தில் கொறித்துத் தீர்த்துவிட முடியாது. திட்டின் விளிம்பில் நங்கூரம் போட்டு ஆறு, ஏழு ராடுகளை (தூண்டில் கோல்களை) விசிறி போல விரித்து எறிவார். சில ஐந்தாறு அடி ஆழத்தில் திட்டின் மேல் விழும், சில சரிவில், சில கீழே பள்ளத்தில். எந்த ஆழத்தில் மீன் நகர்கிறது என்று முதல் கடி சொல்லிவிடும். அப்புறம் மற்ற ராடுகளையும் அந்த ஆழத்துக்கு மாற்றுவார்.

சூரியன் இறங்கிய பிறகு ராடு நுனிகளில் சின்னச் சின்னப் பச்சை ஒளிக்குச்சிகளைக் கட்டிவிடுவார்கள். இருட்டில் கண்ணுக்குத் தெரிவது அவை மட்டும்தான். கடி விழும்போது தட்டித் தடவிப் பார்ப்பது எல்லாம் கிடையாது. ஒரு பச்சைப் புள்ளி சட்டென்று தண்ணீரைப் பார்த்துக் குனியும், அதே நொடியில் ரீல் கறகறவென்று நரம்பை, அதாவது தூண்டில் நூலை, விடத் தொடங்கும். கேப்டன் முன்கூட்டியே சொல்லியிருப்பார், ஆனாலும் எல்லோருக்கும் கை துடிக்கும்: ராடை வெடுக்கென்று இழுக்கக் கூடாது. இது வட்டமுள். முனை தண்டைப் பார்த்து உள்ளே வளைந்திருக்கும். மீன் இரையை எடுத்துக்கொண்டு ஓடும்போது தானாகவே வாயோரத்தில் போய் மாட்டும். நீங்கள் இழுத்தால் வாயைவிட்டு வெளியே வந்துவிடும். ராடை எடுத்து, நரம்பு இறுகும்வரை ரீலைச் சுற்றினால் போதும்.

அதற்குப் பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் பாடு. முதல் ஓட்டத்தில் மீன் நேரே ஆழத்துக்குப் போகும், நிறுத்த முடியாது. திரும்பும்போது தலையை ஆட்டுவது ராடு வழியாகக் கையில் தெரியும், ஒவ்வோர் ஆட்டமும் தனித்தனியாக. படகை நெருங்கியதும் நெற்றி விளக்கு வெளிச்சத்தில் முதலில் தெரிவது ஆரஞ்சாக ஒளிரும் கண். அப்புறம் அகலமான செம்பு முதுகு. கோடைக் கடைசி இரவுகளில் தண்ணீரில் உயிரொளி, அதாவது நுண்ணுயிர்கள் வெளியிடும் வெளிச்சம், இருக்கும். அப்படியான இரவில் நரம்பு தண்ணீரைக் கிழிக்கும் இடமெல்லாம் பச்சையாகக் கோடு விழும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். காத்திருப்பு நீளமாக இருக்கலாம். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் ஒன்றும் கடிக்காமல் போகும், அப்புறம் மூன்று ராடும் ஒரே நேரத்தில் குனியும், நரம்புகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். எல்லாக் கடியும் டிரம் அல்ல. திருக்கை வரும், கெளுத்தி வரும், சுறா வரும். திருக்கையை ஆழத்திலிருந்து பிடுங்கி மேலே கொண்டுவருவது முதுகு ஒடிக்கிற வேலை. கொசுவும் சேர்ந்துகொள்ளும், காற்று விழுந்துவிட்டால் ரொம்பவே. ராத்திரி பதினொன்றுக்குக் கரையேறி உடனே கேரிக்கு வண்டி ஓட்டாதீர்கள். ஓரியன்டலிலோ நியூ பெர்னிலோ அறை எடுத்துத் தூங்கிவிட்டுக் காலையில் கிளம்புங்கள்.

பகல் படகு யாருக்கு

பகல் பயணம் வேறு விதமான வேட்டை. விடியற்காலையில் கிளம்பி, மேடையில் ஏறி நின்று, கேப்டன் தண்ணீரை வாசித்துக்கொண்டே போவார். மென்ஹேடன் கூட்டம் பதறித் துள்ளுகிறதா, பெலிகன்கள் ஒரே இடத்தில் விழுகின்றனவா, தண்ணீரின் மேல் எண்ணெய்ப் படலம் மாதிரி மினுமினுப்பு தெரிகிறதா என்று பார்ப்பார். கீழே டிரம் கூட்டம் எண்ணெய் மீன்களைக் கடித்துக் குதறும்போது அந்த மினுமினுப்பு மேலே மிதந்து வரும். அந்த இடத்தில் பெரிய தக்கை ஒன்றை எறிவீர்கள். அதற்குக் கீழே இரண்டு மூன்று அடியில் ரப்பர் மீன். ராடை வெட்டி இழுத்தால் தக்கை தண்ணீரை அறைந்து 'பளக்' என்று சத்தம் போடும். மேலே ஏதோ மேய்கிறது என்று நினைத்துக் கீழிருக்கும் மீன் பார்க்க வரும். தக்கை மறையும்.

மீன் தாக்குவதைக் கண்ணால் பார்க்கலாம் என்பது இதன் பெரிய பலம். சும்மா உட்கார முடியாதவர்கள், எறிவதே இன்பம் என்று நினைப்பவர்கள், ஓரளவு கை பழகியவர்கள், இவர்களுக்கு இதைவிட நல்லது இல்லை. படங்களும் பகலில்தான் நன்றாக வரும். ஆனால் மீன் கூட்டத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். கிடைக்காத நாளில் ஆகஸ்ட் வெயிலில் ஆறு மணி நேரம் தக்கையை அறைந்துகொண்டே இருப்பீர்கள். நிழல் கிடையாது. இதுவரை ஏரிக்கரையில் உட்கார்ந்து மட்டுமே பிடித்தவர் மதியத்துக்குள் தோள் வலித்து உட்கார்ந்துவிடுவார். நான்கு பேர் போனால் ஒரே நேரத்தில் இரண்டு பேர்தான் வசதியாக எறிய முடியும் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். மாலைப் படகில் முறை வைத்துக்கொண்டு உட்காரலாம். கடிக்கிற ராடு யார் முறையோ அவர் எடுப்பார். எறியவே தெரியாதவருக்கும் மீன் கிடைக்கும்.

இன்னொரு வழியும் உண்டு, எனக்குப் பிடித்ததும் அதுதான். மூன்று, நான்கு மணிக்குக் கிளம்பி, பொழுது சாயும்வரை தக்கையோடு தேடிவிட்டு, அப்புறம் நங்கூரம் போடுவது. பல கேப்டன்கள் மாலைப் பயணத்தை இப்படித்தான் நடத்துகிறார்கள். பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள்.

ஹேட்டரஸ் முனை

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனென்றால் முதல் முறைக்கு இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். பக்ஸ்டன் ஊருக்குத் தெற்கே தீவு கடலுக்குள் கூராக நீண்டு முடியும் இடம்தான் கேப் பாயின்ட். வசந்தத்தில் ஏப்ரலை ஒட்டியும், இலையுதிர் காலத்தில் அக்டோபர், நவம்பரிலும் பெரிய டிரம் அலை முறியும் இடத்துக்கே வரும். வடகிழக்குக் காற்று பலமாக அடித்து, தண்ணீர் கலங்கி, மற்றவர்கள் வீட்டுக்குள் ஒதுங்கும் நாள்தான் இங்கே நல்ல நாள். பன்னிரண்டு, பதின்மூன்று அடி ராடில் எட்டு அவுன்ஸ் ஈயக்குண்டும் மடவைத் தலையும் கோத்து, அலையைத் தாண்டி வெகுதூரம் எறிய வேண்டும். தோளோடு தோள் உரச வரிசையாக நிற்பார்கள். உங்கள் எறி கோணிப் போனால் பத்து பேர் நரம்பைப் பின்னிவிடும்.

நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி வேண்டும், தேசியக் கடற்கரையில் வண்டி ஓட்ட அனுமதிச் சீட்டு வேண்டும், டயர் காற்றை இறக்கி மணலில் ஓட்டப் பழகியிருக்க வேண்டும். 16 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் ஆளுக்கு ஒரு கடலோரத் தூண்டில் உரிமமும் எடுக்க வேண்டும். சார்ட்டர் படகில் பொதுவாகப் படகின் உரிமமே பயணிகள் எல்லோருக்கும் சேர்த்து இருக்கும். படகுக் கூலி மிச்சம்தான். ஆனால் ராலேயிலிருந்து ஐந்து மணி நேர ஓட்டம், தங்கும் செலவு, புது ராடு, ரீல் எல்லாம் சேர்த்தால் அந்த மிச்சம் கரைந்துவிடும். இது ஒரு வாரம் விடுப்பு போட்டு, மூன்று நாள் வெறுங்கையோடு நின்றாலும் நாலாவது நாளும் நிற்கிறவர்களுக்கான இடம். அப்படிப்பட்டவர்களுக்கு அங்கே கிடைக்கும் ஒரு மீன், படகில் கிடைக்கும் பத்து மீனுக்கு மேல். அதை மனதாரச் சொல்கிறேன்.

லூசியானாவுக்கே பறந்து போகலாமே என்று கேட்பவர்கள் உண்டு. மிசிசிப்பி முகத்துவாரத்தில் பெரிய டிரம் நிறையவே இருக்கிறது. ஆனால் விமானமும் விடுதியும் சேர்த்து ஆகும் செலவில் இங்கே மூன்று மாலை போய்வரலாம், வீட்டுக்குப் பக்கத்தில்.

தட்டுக்கு வருமா?

நம்மவர்கள் யாரிடம் பேசினாலும் இது முதல் மூன்று கேள்விக்குள் வந்துவிடும். பெரிய டிரம்மை வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. வட கரோலினாவில் 18 அங்குலத்திலிருந்து 27 அங்குலம்வரை உள்ள மீனை, ஆளுக்கு நாளொன்றுக்கு ஒன்று மட்டும் வைத்துக்கொள்ளலாம். 27 அங்குலத்துக்கு மேல் எல்லாமே விட்டுவிட வேண்டும். 1998 முதல் இதுதான் சட்டம். லூசியானாவும் 2024-இல் இதே அளவுக்கு வந்துவிட்டது.

இந்த விதிகளுக்குப் பின்னால் ஒரு சமையல் கதை இருக்கிறது. 1980-களில் நியூ ஆர்லியன்ஸ் சமையல்காரர் பால் புருடோம் மிளகாயும் மூலிகையும் தடவி இரும்புச் சட்டியில் கருக்கிய ரெட் ஃபிஷ்ஷை (ரெட் டிரம்முக்கு அங்கே அந்தப் பெயர்) பிரபலமாக்கினார். நாடு முழுவதும் உணவகங்கள் அதைக் கேட்டன. மெக்சிகோ வளைகுடாவில் பெரிய மீன்களைக் கூட்டம் கூட்டமாக வளைத்துப் பிடித்தார்கள். சில வருடங்களில் கூட்டாட்சி அரசு தலையிட்டு நிறுத்த வேண்டியதாயிற்று. 2007 அக்டோபரில் அதிபர் ஜார்ஜ் புஷ் பிறப்பித்த ஆணை, கூட்டாட்சிக் கடல் பகுதியில் பிடிபடும் ரெட் டிரம்மை விற்பனைக்கே இல்லாததாக்கும் திசையில் போனது. இன்று நூஸ் ஆற்றில் 45 அங்குல மீன் நமக்குக் கிடைக்கிறது என்றால், இடையில் இத்தனை பேர் அதை விட்டுவிட்டதால்தான்.

சமைக்க மீன் வேண்டும் என்பவர் பகல் பயணத்தைப் புல்கரை ஓரமாகக் கேட்டுப் பதிவு செய்யுங்கள். 20, 22 அங்குல டிரம் அங்கே கிடைக்கும். சதை கெட்டியாக, வெள்ளையாக இருக்கும், புளிக்குழம்பில் உடையாமல் நிற்கும். மாலைப் படகின் பெரிய முள்ளில் அந்தச் சின்ன மீன் வருவது அபூர்வம்.

ஜூலை ஏன் வேண்டாம்

பிடித்த மீனை விட்டால் அது பிழைத்துவிடும் என்று பலரும் நினைக்கிறோம். எப்போதும் அப்படி அல்ல. தண்ணீர் சூடாக இருக்கும்போது அதில் பிராணவாயு குறைவு. ஜூலையிலும் ஆகஸ்ட் தொடக்கத்திலும் காயலின் மேற்குப் பக்கம் கொதிக்காத குறைதான். அந்தத் தண்ணீரில் மெல்லிய ராடோடு அரைமணி நேரம் இழுத்தடித்து, படகில் ஏற்றி, ஐந்து பேர் மாற்றி மாற்றிப் படமெடுத்து, அப்புறம் விட்டால் மீன் நீந்திப் போகும். பார்க்க நன்றாக இருக்கும். கொஞ்ச தூரம் போய் அடியில் கிடந்து சாகும். நாற்பது வருஷம் தப்பிப் பிழைத்து, இன்னும் இருபது வருஷம் முட்டையிட வேண்டிய மீன். இதை நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை. செப்டம்பரில் ராத்திரிகள் தணிந்து, தண்ணீர் சூடும் இறங்கத் தொடங்கியிருக்கும். மீன் கூட்டமும் அப்போது குறைவாக இருக்காது. காத்திருந்து செப்டம்பரில் போவதில் நமக்கு இழப்பு ஏதுமில்லை.

அடுத்தது முள். பழைய நாளில் நேர்முள்ளும் நீளமான நரம்பும் கட்டுவார்கள். இரை தண்ணீர் போன போக்கில் அலையும், மீன் நிதானமாக விழுங்கிவிடும், முள் வயிற்றில் போய் மாட்டும். ரத்தம் கொட்டும். அந்த மீன் தேறுவது கடினம். இதற்கு மாற்றாக உள்ளூர் தூண்டில்காரர் ஓவன் லப்டன் பெயரால் வழங்கும் கட்டு வந்தது. வட்டமுள், அதை ஒட்டினாற்போல அசையாத ஈயக்குண்டு. மீன் வாயில் எடுத்த உடனே குண்டின் கனம் முள்ளை வாயோரத்துக்கு இழுத்துவிடும், விழுங்க நேரமே கிடைக்காது. இப்போது இது சட்டமாகவே இருக்கிறது. ஜூலை 1 முதல் செப்டம்பர் 30 வரை, பாம்லிகோ காயலிலும் அதில் விழும் ஆறுகளிலும், இயற்கை இரையோடு 4/0 அளவைவிடப் பெரிய முள் போட்டால் அது வட்டமுள்ளாக இருக்க வேண்டும், முள்ளின் கொக்கிச் செதிலை (முனைக்குப் பக்கத்தில் பின்னோக்கி நிற்கும் சின்னக் கூரை) நசுக்கியோ அறுத்தோ இருக்க வேண்டும், குறைந்தது 2 அவுன்ஸ் குண்டு முள்ளிலிருந்து 6 அங்குலத்துக்குள் அசையாமல் நிற்க வேண்டும்.

ஆகவே கேப்டனைத் தேர்ந்தெடுக்கும்போது, அவர் இணையப் பக்கத்தில் எத்தனை படம் இருக்கிறது என்று பார்ப்பதைவிட, படங்களில் மீன் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். வாயில் பிடிகருவி மாட்டிச் செங்குத்தாகத் தொங்கவிட்டிருக்கிறதா? அவ்வளவு கனமான மீனுக்கு அது நல்லதல்ல. ஒரு கை வாலடியிலும் மறு கை நெஞ்சுக்குக் கீழேயும் கொடுத்துக் கிடைவாக ஏந்தியிருக்கிறதா? ரப்பர் வலையில் தண்ணீரிலேயே வைத்து முள்ளைக் கழற்றுகிறாரா? போனில் பேசும்போது "விடுகிற மீனை எப்படிக் கையாளுவீர்கள்" என்று கேளுங்கள். நல்ல கேப்டனுக்கு இந்தக் கேள்வி பிடிக்கும், நீளமாகவே பதில் சொல்வார். சலித்துக்கொண்டால் அடுத்தவரைக் கூப்பிடுங்கள்.

40 அங்குலமும் அதற்கு மேலும் உள்ள டிரம்மைப் பிடித்து விட்டதற்கு மாநிலமே சான்றிதழ் கொடுக்கிறது. அளந்து குறித்துக்கொண்டால் போதும், மீன் கையில் இருக்க வேண்டியதில்லை. உடம்பில் சின்னக் குழாய் போல ஒரு அடையாளச் சீட்டு குத்தியிருந்தால் அதன் எண்ணைக் குறித்து மாநில மீன்வளத் துறைக்குச் சொல்லுங்கள். எங்கே, எப்போது குத்தப்பட்ட மீன் என்று பதில் வரும்.

எந்த ஊர், எந்த நாள், யாரோடு

ஓரியன்டலைத் தவிர காயலின் வடகரையில் சுவான் குவார்ட்டர், பாம்லிகோ ஆற்றுப் பக்கம் உள்ள துறைகள், தீவுகளில் ஹேட்டரஸ், ஓக்ரகோக் என்று பல இடங்களிலிருந்து படகு கிளம்புகிறது. தீவில் ஏற்கெனவே குடும்பத்தோடு விடுமுறையில் இருந்தால் அங்கேயே பிடிக்கலாம். இதற்காக மட்டும் போகிறீர்கள் என்றால் நூஸ் ஆற்றின் வாய் போதும். ஆறு மைல்வரை அகலமான அந்த இடத்தில் ஒரு கரையிலிருந்து காற்று அடித்தால் மறு கரையில் ஒதுங்கலாம். நடுக் காயலில் அந்த வசதி இல்லை.

காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கே நிலவால் வரும் ஏற்ற இறக்கம் மிகக் குறைவு. தண்ணீரை ஏற்றுவதும் இறக்குவதும் காற்றுதான். ஆழம் இல்லாத காயல் என்பதால் 15 நாட் (மணிக்குச் சுமார் 28 கிலோமீட்டர்) காற்றுக்கே குட்டையான, செங்குத்தான அலை எழும்பும். நங்கூரம் போட்ட படகில் இருட்டில் அது வயிற்றைப் புரட்டும். குமட்டல் வரும் உடம்பு என்றால் மாத்திரையைக் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட்டுக்கொள்ளுங்கள், இஞ்சி மிட்டாயும் கையில் இருக்கட்டும். கோடை மாலைகளில் இடிமழை சட்டென்று கூடும். மின்னல் என்றால் கேப்டன் திரும்பிவிடுவார், திரும்ப வேண்டும். செப்டம்பர் புயல் மாதமும்கூட. 2018-இல் ஃபுளோரன்ஸ் நியூ பெர்னை மூழ்கடித்தது, 2019-இல் டோரியன் ஓக்ரகோக்கை மூழ்கடித்தது, இரண்டும் செப்டம்பரில். அதனால் முன்பணம் கட்டும் முன், வானிலையால் ரத்தானால் பணம் திரும்புமா, வேறு தேதி தருவார்களா என்று தெளிவாகக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கூலி ஆளுக்கு அல்ல, படகுக்கு. சாதாரண உரிமத்தில் ஆறு பயணிகள்வரை ஏற்றலாம், ஆனால் இந்த வகைப் படகில் நாலு பேர் தாராளம், ஆறு பேர் நெருக்கடி. கேப்டனுக்குத் தனியாக 15 முதல் 20 சதவீதம் கொடுப்பது இங்குள்ள வழக்கம், அதையும் கணக்கில் சேர்த்துப் பங்கு பிரியுங்கள். பத்து வயதுக்கு மேல், பொறுமையுள்ள பிள்ளை என்றால் மாலைப் படகுக்கு வரலாம். 13 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் படகு ஓடும்போது மிதவைச் சட்டை போட்டே ஆக வேண்டும். அதைவிடச் சின்னப் பிள்ளைகளுக்குப் பகலில் இரண்டு மூன்று மணி நேரப் பயணம் போதும். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவைக் கூட்டிப்போக ஆசைப்பட்டால், கழிப்பறை உள்ள படகா என்று முதலில் கேளுங்கள். திறந்த படகுகள் பலவற்றில் கிடையாது, இருட்டில் ஆறு மணி நேரம் என்பது அவர்களுக்குச் சிரமம்.

சாப்பாடு நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். புளிசாதமும் உருளை வறுவலும் நன்றாகப் பொருந்தும், ஆனால் எண்ணெய்க் கையோடு ராடைப் பிடிக்காதீர்கள். நெற்றி விளக்கு ஆளுக்கொன்று, அதில் சிவப்பு வெளிச்சம் இருந்தால் நல்லது, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் கண் கூசாது. கொசு மருந்தைத் தடவினால் கையைக் கழுவிவிட்டு இரையைத் தொடுங்கள். செப்டம்பரில்கூடப் பத்து மணிக்கு மேல் படகு ஓடும்போது குளிரும், மெல்லிய மழைச்சட்டை ஒன்று போதும்.

செப்டம்பர் சனிக்கிழமைகள் வசந்தத்திலேயே நிறைந்துவிடும். ஒருநாள் விடுப்பு எடுக்க முடிந்தவர்கள் செவ்வாய், புதன் கேளுங்கள். தேதி கிடைப்பதும் எளிது, திட்டின் விளிம்பில் நல்ல இடத்தைப் பிடிக்க வேறு படகுகளோடு போட்டியும் அன்றைக்குக் குறைவு.